அண்ணனுக்கு வந்த குடல் புற்றுநோய் எனக்கு வராமலிருக்க வலி மாத்திரை உதவுமா?

கேள்வி: நீடாமங்கலத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது 44. தனியார் பள்ளியில் ஆசிரியை. நாலு ஏக்கர் நன்செய் இருப்பதால் நடவு, அறுவடை நாட்களில் நானும் வயலில் இறங்குவேன். என் அண்ணனுக்குப் போன ஐப்பசியில், 48 வயதில், பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுக்கட்டி என்று தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது கீமோ போய்க்கொண்டிருக்கிறது. அப்பாவும் 57 வயதில் குடல் கட்டியால்தான் இறந்தார். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, கருப்பைப் புற்றுநோயில் போனார். அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகள் குடல் புற்றுநோயைத் தடுக்கும் என்று படித்தேன். முட்டி வலிக்காக மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கி மாதத்தில் பத்து நாளாவது போடுகிறேன். அதையே தொடரலாமா, அல்லது ஆஸ்பிரின் 75 தினமும் போடலாமா? ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டானும் நீர் பிரியும் மருந்தும் கலந்த மாத்திரை எடுக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எச்.பி. 9.2 என்றார்கள், மாதவிடாயில் அதிகம் போவதால் என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். எப்போதாவது மலத்தில் ரத்தக் கோடு தெரியும். சூட்டினால் வரும் மூலம் என்று விட்டுவிட்டேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் கேட்டதற்கு நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். குடல் புற்றுநோயைத் தடுப்பதற்காக என்று டைக்ளோஃபெனாக் எடுக்க வேண்டாம்; முட்டி வலிக்காக எடுப்பதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்க வேண்டாம். ஆனால் நீங்கள் படித்தது வெறும் வதந்தி அல்ல. உங்கள் குடும்பத்தைப் போன்ற சில குடும்பங்களில் ஆஸ்பிரினுக்கு உண்மையாகவே ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கு உங்கள் குடும்பம் உரியதா என்பதைச் சோதித்து அறிய வேண்டும். அதற்கும் முன்பாக, உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு செய்திகளை, அதாவது எச்.பி. 9.2 என்பதையும் மலத்தில் தெரியும் ரத்தக் கோட்டையும், உடனே கவனிக்க வேண்டும். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் மாத்திரையைப் பற்றிய கேள்வியைவிட அந்த இரண்டு வரிகள்தான் என்னை நிறுத்தின.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்பிரின் எடுத்துக்கொள்பவர்களிடம் குடல் புற்றுநோய் குறைவாகத் தெரிகிறது என்பதை 1988இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கேப்ரியல் கூன் என்னும் அறுவை மருத்துவரின் குழு வெளியிட்டது. 1991இல் அமெரிக்காவில் 6,62,424 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்விலும், ஆஸ்பிரினை அடிக்கடி எடுத்தவர்களிடம் இந்த நோயால் ஏற்படும் மரணம் குறைவாக இருந்தது. நம் உடலில் காக்ஸ் என்னும் நொதி இரண்டு வகையாக இருக்கிறது. ஒன்று இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் காக்கும் பொருட்களைச் சுரக்கச் செய்கிறது. மற்றொன்று அழற்சி ஏற்படும் இடத்தில் கிளம்புகிறது, குடலின் உட்சுவரில் முளைத்துப் பின்னாளில் புற்றாக மாறக்கூடிய பாலிப் என்னும் சிறு கட்டிகளிலும் புற்றிலும் மிகுதியாகக் காணப்படுகிறது. ஆஸ்பிரினும் டைக்ளோஃபெனாக்கும் போன்ற மாத்திரைகள் இந்த நொதிகளை அடக்குகின்றன. வாய்க்காலின் தலைமதகை அடைத்தால் களைக்குப் போகும் தண்ணீரோடு பயிருக்குப் போகும் தண்ணீரும் நின்றுவிடும் அல்லவா? இந்த மாத்திரைகளின் நன்மையும் தீமையும் அப்படித்தான் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன.

களைக்குப் போகும் மதகை மட்டும் அடைக்கலாம் என்று முயன்ற கதையை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்புகள் முளைக்கும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அந்த நோயாளிகளுக்கு சுலிண்டாக் என்னும் மாத்திரை கொடுத்தபோது பாலிப்புகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியதை 1993இல் கண்டார்கள். பிறகு இரண்டாவது வகை நொதியை மட்டும் அடக்கும் செலிகாக்சிப், ரோஃபிகாக்சிப் என்னும் புதிய மருந்துகள் வந்தன. முன்பு பாலிப் வந்து அகற்றப்பட்ட 2,035 பேருக்கு செலிகாக்சிப்போ, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்த ஆய்வில், மூன்று ஆண்டுகளில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 60.7 சதவீதத்தினருக்குப் புதிய பாலிப் வந்தது. நாளுக்கு இரண்டு முறை 400 மில்லிகிராம் எடுத்தவர்களில் அது 37.5 சதவீதமாகக் குறைந்தது. இவ்வளவு நல்ல பலன் கிடைத்தும் அந்த ஆய்வில் மருந்து கொடுப்பதை 2004 டிசம்பரில் நிறுத்தினார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கடுமையான பாதிப்புகள் வெற்று மாத்திரைக் குழுவில் 1 சதவீதமாக இருக்க, மருந்தின் மிகுந்த அளவை எடுத்தவர்களிடம் 3.4 சதவீதமாக இருந்தன. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, செப்டம்பர் 30 அன்று, ரோஃபிகாக்சிப் உலகம் முழுவதும் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் இதய ஆபத்தைத் தெளிவாகக் காட்டிக்கொடுத்ததும் பாலிப்பைத் தடுக்க முடியுமா என்று பார்க்க நடத்திய ஓர் ஆய்வுதான். அதே ஆண்டு இந்தியாவும் அதைத் தடை செய்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் இதயத்துக்குச் செய்யக்கூடிய கெடுதலில் அந்தப் புதிய மருந்துகளுக்கு மிக நெருங்கியது. அதை வைத்துக் குடல் புற்றுநோயைத் தடுக்கலாம் என்று எந்தப் பெரிய ஆய்வும் நிறுவியதில்லை. உங்கள் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. டெல்மிசார்ட்டான், நீர் பிரியும் மருந்து, வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒருவர் உடலில் சேரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் மூன்று பக்கமும் நெருக்கப்படுகிறது. பங்குனி வெயிலில் நாள் முழுவதும் குனிந்து உளுந்து பறித்துவிட்டு, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், இரவில் இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவர்கள், மூன்றாம் நாள் சிறுநீர் பிரியாமல் முகம் வீங்கி வந்து சேர்வதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். முட்டி வலிக்கு பாராசிட்டமாலும், தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும், மேலே தடவும் களிம்பும் போதுமா என்று முதலில் பாருங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவையும் ரத்தத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி ஆஸ்பிரினுக்கு வருகிறேன். பாலிப் அகற்றப்பட்ட 1,121 பேரை வைத்து 2003இல் வெளிவந்த ஆய்வில், மறுபடியும் பாலிப் வந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 47 சதவீதம். நாளுக்கு 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்த குழுவில் 38 சதவீதம். அதிக அளவான 325 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் 45 சதவீதம். அதாவது அளவைக் கூட்டியதால் பலன் கூடவில்லை. இவற்றையும் இதய நோய்க்கான பழைய ஆய்வுகளின் இருபது ஆண்டுக் கணக்குகளையும் வைத்துத்தான் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு வல்லுநர் குழு 2016இல், இதய ஆபத்து உள்ள 50 முதல் 59 வயதினர் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுக்கலாம், அதில் குடல் புற்றுநோய்த் தடுப்பும் ஒரு பயன் என்று பரிந்துரைத்தது. 2022இல் அதே குழு, குடல் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்று போதாது என்று அந்தப் பகுதியை எடுத்துவிட்டது. இடையில் 2018இல் 19,114 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்திருந்தது. நாளுக்கு 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 3.8 சதவீதத்தினருக்குக் கடுமையான ரத்தக் கசிவு ஏற்பட்டது, எடுக்காதவர்களில் 2.8 சதவீதம். புற்றுநோய் மரணமும் ஆஸ்பிரின் குழுவில் குறையவில்லை, சற்று கூடவே இருந்தது. ஆகவே குடும்பத்தில் இந்த நோயே இல்லாத ஒருவர் வந்து, முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் உங்கள் குடும்பம் அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை. 1895இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் ஒரு தையல்காரப் பெண், ஆல்ட்ரெட் வார்த்தின் என்னும் மருத்துவரிடம், தம் வீட்டார் பலரும் குடல் புற்றிலோ கருப்பைப் புற்றிலோ இறந்தார்கள், தாமும் அப்படித்தான் போவோம் என்று சொன்னார். பின்னர் அவர் கருப்பைப் புற்றுநோயில்தான் இறந்தார். வார்த்தின் அந்தக் குடும்பத்தின் கொடிவழியை வரைந்து 1913இல் வெளியிட்டார். பிற்காலத்தில் ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்ததால் இது லிஞ்ச் நோய்க்குறி எனப்படுகிறது. செல்கள் பிரியும்போது மரபணுவில் ஏற்படும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் புரதங்களில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருப்பதுதான் காரணம். ஐம்பது வயதுக்கு முன்பே குடல் புற்று, அதுவும் பெரும்பாலும் வலப்பக்கக் குடலில். அதே வம்சத்துப் பெண்களுக்குக் கருப்பைப் புற்று. உங்கள் அண்ணன், அப்பா, அத்தை மூவரையும் ஒரு தாளில் வரைந்தால் அந்தத் தையல்காரப் பெண்ணின் கொடிவழியைப் போலவேதான் இருக்கிறது. இது உறுதி என்று சொல்லவில்லை. சோதிக்காமல் விடக்கூடாது என்கிறேன்.

லிஞ்ச் உள்ளவர்களிடம்தான் ஆஸ்பிரின் தன் மதிப்பைக் காட்டியது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஜான் பர்ன் தலைமையில் 861 பேருக்குச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் நாளுக்கு 600 மில்லிகிராம் ஆஸ்பிரினோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். தொடக்கத்தில் வேறுபாடே தெரியவில்லை. ஆனால் அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியிட்ட கணக்கில், ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 9 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 13 சதவீதத்தினருக்கும் குடல் புற்று வந்திருந்தது. பலன் மெதுவாக, சில ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது. இதன் அடிப்படையில் லிஞ்ச் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அதே ஆண்டு சொன்னது. அதற்கு இணையாக இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். பின்லாந்தில் இத்தகைய 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குடலைப் பரிசோதித்துக்கொண்டவர்களில் குடல் புற்று 62 சதவீதம் குறைந்தது. அவர்களில் ஒருவர்கூட அந்த நோயால் இறக்கவில்லை. பரிசோதித்துக்கொள்ளாதவர்களில் ஒன்பது பேர் இறந்தார்கள். மாத்திரை, பரிசோதனையோடு சேர்த்து எடுக்க வேண்டியது. அதற்குப் பதிலாக எடுக்க வேண்டியது அல்ல.

உங்கள் குடும்பத்துக்கு லிஞ்ச் உண்டா என்பதை அறியும் வழி உங்கள் அண்ணனிடம் இருக்கிறது. அறுவை செய்து எடுத்த கட்டியின் சிறு துண்டை மெழுகில் பதித்து, எண் எழுதி, நோய்க்குறியியல் துறையில் பாதுகாத்து வைத்திருப்பார்கள். மெழுகுவத்தித் துண்டு போன்ற ஒரு சிறு கட்டை அது, பிளாக் என்பார்கள். அண்ணனின் பயாப்சி அறிக்கையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய நான்கு புரதங்களும் கட்டியில் இருக்கின்றனவா என்று அந்த பிளாக்கில் சோதிக்கச் சொல்லி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே செய்திருந்தால் அறிக்கையிலேயே இருக்கும். ஏதேனும் ஒன்று இல்லை என்று வந்தால், அடுத்து அண்ணனின் ரத்தத்தில் மரபணுச் சோதனை. அதில் பிழை உறுதியானால் அதே பிழை உங்களுக்கு உண்டா என்று பார்ப்பது எளிது. உங்களுக்கு இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் பரம்பரை நோய்களுக்கென்றே ஆலோசனைப் பிரிவுகள் இருக்கின்றன. இந்தச் சோதனை அண்ணனின் சிகிச்சைக்கும் பயன்படும் என்பதால் தயங்காமல் கேட்கலாம்.

இப்போது உங்கள் ரத்தக் குறைவைப் பற்றி. வலப்பக்கக் குடலில் வரும் கட்டி பெரும்பாலும் வலிக்காது, அடைக்காது, கண்ணுக்குத் தெரியும்படி ரத்தமும் விடாது. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசிந்து எச்.பி.யை மட்டும் இறக்கும். மாதத்தில் பத்து நாள் எடுக்கும் டைக்ளோஃபெனாக் இரைப்பையில் புண் உண்டாக்கி அதே வேலையைச் செய்யக்கூடும். மாதவிடாயில் அதிகம் போவதும் காரணமாக இருக்கலாம். ஆனால் அத்தைக்குக் கருப்பைப் புற்று வந்த குடும்பத்தில் 44 வயதில் அதிகம் போகும் ரத்தத்தை வயதின் கோளாறு என்று விட முடியாது. மகப்பேறு மருத்துவரிடம் குடும்ப வரலாற்றை முதலிலேயே சொல்லி, ஸ்கேனோடு நில்லாமல் கருப்பையின் உட்சுவரிலிருந்து திசு எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். இந்த நிலையில் ஆஸ்பிரினைத் தொடங்கினால் எங்கிருந்து கசிந்தாலும் கசிவு கூடும்.

மலத்தில் தெரியும் ரத்தத்தை மூலம் என்று விட்டுவிடுவது நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நடக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் இரண்டு ஆண்டுகள் சூடு என்று மோரும் வெந்தயமும் குடித்து, மூலத்துக்கென்று நாட்டு மருந்தும் சாப்பிட்டு, எச்.பி. 6க்கு இறங்கிய பிறகு வந்தார். மலக்குடலில் விரலுக்கு எட்டும் தூரத்தில் கட்டி இருந்தது. முதல் நாளே கையுறை மாட்டிய ஒரு விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவருக்கு மூலமும் இருந்தது. மூலம் இருப்பதால் கட்டி இல்லை என்று ஆகாது.

ஆகவே உங்களுக்குப் பெருங்குடல் முழுவதையும் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி, இந்த மாதத்துக்குள்ளேயே, செய்ய வேண்டும். ஒரு பேச்சுக்கு உங்களுக்கு ரத்தக் கசிவே இல்லை என்றாலும், உடன்பிறந்தவருக்கு 48 வயதில் வந்திருப்பதால் 38 வயதிலேயே செய்திருக்க வேண்டிய பரிசோதனை இது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் இரைப்பை குடல் பிரிவில் காட்டுங்கள். கேமரா விட்டுப் பார்ப்பது என்றால் பயப்படுகிறவர்கள் பலர். மயக்க ஊசி போட்டுச் செய்வதால் வலி அநேகமாகத் தெரியாது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சிரமம் முதல் நாள் பேதி மருந்தில்தான் இருக்கிறது. பொடியைத் தண்ணீரில் கரைத்துச் சொன்ன அளவை முழுவதும் குடிக்க வேண்டும். குமட்டுகிறது என்று பாதியில் விட்டால் வலப்பக்கக் குடலில் அழுக்குத் தங்கி, எதைப் பார்க்க வந்தோமோ அது மறைந்துவிடும். இரண்டு நாட்களுக்கு முன்பிருந்தே கீரை, விதையுள்ள காய்கள் வேண்டாம். முதல் நாள் இளநீர், வடித்த கஞ்சி போன்றவை போதும். இரும்புச் சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கிப் பார்வையைக் கெடுக்கும் என்பதால் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். பாலிப் தென்பட்டால் மெல்லிய கம்பிச் சுருக்கை அதன் காம்பில் மாட்டி அப்போதே அறுத்து எடுத்துவிடுவார்கள். புற்றாக மாறுவதற்கு முன்பே அதை எடுத்துவிடுவதைப் போன்ற தடுப்பு எந்த மாத்திரையிலும் கிடையாது. லிஞ்ச் என்று உறுதியானால் இதை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். பிழையைப் பெற்ற பிள்ளைகளும் 20, 25 வயதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

அண்ணனுக்கும் ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அறுவைக்குப் பிறகு எல்லோருக்கும் கொடுப்பதில் தெளிவான பயன் தெரியவில்லை. ஆனால் கட்டியில் பி.ஐ.கே.3.சி.ஏ. என்னும் மரபணு வழியில் மாற்றம் உள்ளவர்களுக்கு மூன்று ஆண்டுகள் நாளுக்கு 160 மில்லிகிராம் கொடுத்தபோது நோய் திரும்புவது பாதியளவு குறைந்ததை, சுவீடனை மையமாகக் கொண்ட ஆய்வு ஒன்று 2025இல் காட்டியது. அதையும் அதே பிளாக்கில் சோதிக்க முடியும். கீமோ நடக்கும்போது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையக்கூடும் என்பதால், அவருடைய புற்றுநோய் மருத்துவர் சொல்லாமல் வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் கொலோனோஸ்கோப்பி அறிக்கை, கருப்பைப் பரிசோதனையின் முடிவு, அண்ணனின் பிளாக் சோதனை மூன்றும் கைக்கு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். லிஞ்ச் என்று உறுதியாகி, கசிவின் காரணம் தெரிந்து அது சரிசெய்யப்பட்டு, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்து, இரைப்பையில் புண்ணை உண்டாக்கும் எச். பைலோரி கிருமி இல்லை என்றும் பார்த்தாகிவிட்டால், எவ்வளவு ஆஸ்பிரின், எத்தனை ஆண்டுகள் என்பதை அப்போது பேசலாம்.